உங்கள் திதியன்று சுமதிக்குப் பரீட்சை

அன்புள்ள என்னங்க,

வாழ்ந்த காலமெல்லாம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கான்வென்ட்டில் படித்தவளுக்குப் புருஷன் பெயரைச் சொல்ல வாய் வராதா என்று சீண்டுவீர்கள். கடிதத்திலும் வரவில்லை.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அம்பிட்டியவில் மழை இன்னமும் நான் துணி காயப்போட்ட பிறகுதான் வருகிறது. உங்கள் கதிரையில் பேத்தி உட்கார்ந்து காலாட்டுகிறாள். ஒழுங்காக உட்கார் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிடுகிறேன். நீங்களும் அப்படித்தானே உட்காருவீர்கள்?

இன்று எழுதுவது நம் மருமகளைப் பற்றி. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்த சுமதி, உயர்தரப் பரீட்சை சித்தியடைந்தும் கெம்பஸில் படிக்க இடம் கிடைக்காதவள். அவளைக் கண்டியிலே கணக்கியல் டிப்ளோமாவுக்குச் சேர்த்துவிட்டது நீங்கள்தான். மாலை வகுப்பு முடிந்து அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது குடையோடு நிற்பீர்கள். மழை இல்லாத நாளிலும் நின்றீர்கள். "குடை எதுக்கு மாமா?" என்று அவள் கேட்டால், "சும்மா நின்னா ஆக்கள் என்ன நெனப்பாங்க?" என்பீர்கள்.

டிப்ளோமா முடித்துவிட்டாள். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகம் இப்படிப் படித்தவர்களில் மிகச் சிலரை நேரே மூன்றாம் வருடத்துக்கு எடுக்கிறது. அதற்கொரு தெரிவுப் பரீட்சை. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுச் சமையலறை மேசையில் மாதக்கணக்காகப் படித்தாள். வயது எல்லை உண்டு. இந்த முறை தவறினால் அவளுக்கு இன்னொரு முறை இல்லை.

பரீட்சைத் திகதி வந்தது. சுமதி கலண்டரைப் பார்த்தாள். உங்கள் முதல் வருடத் திதிக்கென்று நான் வட்டம் போட்டிருந்த அதே நாள்.

"நான் போகல அத்தை," என்றாள். அவ்வளவுதான். பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நம் மகன் குமார், திதி செய்விக்கும் ஐயரிடம் ஓடினான். "திதிய மாத்த ஏலாது தம்பி. வேணும்னா பரீட்சைய மாத்தச் சொல்லிப் பாருங்க," என்றாராம். செய்தி எப்படியோ கடுகண்ணாவையில் இருக்கும் உங்கள் தங்கைக்கு எட்டி, அவள் எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அண்ணி, மருமக இல்லாம அண்ணனுக்கு மொதல் திதியா? பரீட்ச மண்டபத்துல எல போட்டுப் படைக்கப் போறாளோ?"

"எல இங்கதான் போடுவோம். நீ வந்து காய் வெட்டு."

"எனக்கு முழங்கால் வலி."

"காய் வெட்ட முழங்கால் எதுக்கு?"

ஃபோனை வைத்த பிறகு எனக்கும் மனம் ஆறவில்லை. முறை தவறி ஒரு காரியம் செய்து எனக்குப் பழக்கமில்லை. உங்களிடம் கேட்டால் சிரித்திருப்பீர்கள். ஆனால் யாரிடம் கேட்பது?

அப்போது நம் கல்யாணமான புதிது ஞாபகம் வந்தது. நீங்கள் வேலை பார்த்த கந்தோரில் வருடக் கணக்கு முடிக்கும் நாட்களில் நேரம் கழித்து வருவீர்கள். நான் சாப்பிடாமல் காத்திருப்பேன். "பசியோட இருன்னு நான் சொன்னேனா?" என்று கோபிப்பீர்கள். பிறகு சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை என் பக்கம் நீட்டுவீர்கள். கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்கக் கற்றுத்தந்த கான்வென்ட் சிஸ்டர்மார் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீங்கள் கையை எடுக்காமல் அப்படியே இருப்பீர்கள். அந்த வாடகை அறை, மண்ணெண்ணெய் வாசம், உங்கள் நீட்டிய கை. வாங்கிக்கொண்டிருந்தால் என்ன?

படையலை நானும் குமாரும் பார்த்துக்கொள்கிறோம், நீ பரீட்சைக்குப் போ என்று சுமதியிடம் சொல்லிவிட்டேன். திதியன்று கொழும்புக்கு முதல் ரயிலைப் பிடிக்க அவள் வெளிக்கிட்டாள். உங்களுக்குப் படைக்கும்முன் வீட்டில் யாரும் வாய் நனைப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் சுடச்சுட ரொட்டியும் சம்பலும் வைத்தேன்.

"அத்தை, மாமாவுக்கு இன்னும் படைக்கலயே."

"மாமா பரீட்சைக்குப் போகல. நீதான் போற. சாப்பிடு."

அவள் அழுதபடி சாப்பிட்டாள். குனிந்து சாப்பிடாதே, நிமிர்ந்து உட்கார் என்றேன். வேறென்ன சொல்வது?

உங்களுக்கு முந்தி இந்த வீட்டில் ஒருவர் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. உச்சிக்கு நானும் குமாரும் சமைத்துப் படைத்தோம். வாழைக்காய்க் குழம்பில் உப்பு ஒரு கல் கூடிவிட்டது, பொறுத்துக்கொண்டிருப்பீர்கள். காகம் வந்து எடுத்தது. உங்கள் தங்கை முழங்காலோடு வந்து, பாயசம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள்.

போன கிழமை முடிவு வந்தது. சுமதிக்கு இடம் கிடைத்துவிட்டது. குமார் இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னான். அவள் என் காலில் விழ வந்தாள். முதலில் உன் அம்மாவுக்கு ஃபோன் எடு என்றேன்.

இனிக் கிழமை நாட்களில் அவள் கொழும்பில். குழந்தையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. மலை ஏறி இறங்க மூச்சு வாங்குகிறதுதான். டாக்டர் மருந்தைக் கூட்டியிருக்கிறார். ஒழுங்காகக் குடிக்கிறேன்.

ஆகையால் ஒரு வாக்குத் தருகிறேன். இத்தனை நாளும் படுக்கப் போகும்போது, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று உங்களிடம் கேட்டு வந்தேன். இனிக் கேட்கமாட்டேன். நீங்களாகக் கூப்பிட்டாலும் வரமாட்டேன். சுமதி பட்டம் வாங்கட்டும். பட்டமளிப்பு மண்டபத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்பதுவரை உங்களுக்கு வந்து சொல்கிறேன். அதுவரை நீங்கள் காத்திருங்கள்.

உங்கள் மனைவி,
சுமதியின் அத்தை