எட்டாக வெட்டிய பை

முருகன் துணை

திருத்தணி,
மார்கழிக் கடைசி

அன்பு மகள் கயல்விழிக்கு உன் நைனா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நான், உன் அம்மா, உன் மகள் சினேகா மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் டூட்டிக்கு நேரமாச்சு நைனா, வச்சிட்றேன் என்று வைத்துவிடுகிறாய். பள்ளிப்பட்டு குமரவேல் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்புகிறானாம், அவனிடம் இட்லிப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது, உட்கார்ந்து முழுசாகப் படி.

அரையாண்டு லீவில் குழந்தை சும்மா இருக்கக் கூடாது என்று ஏதோ ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டாயே, அவர்கள் கிறிஸ்துமசுக்கும் புது வருஷத்துக்குமாகச் சேர்த்து பண்டிகைக் காலப் பின்னப் பயிற்சி என்று ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வருஷப் பிறப்புப் படித் திருவிழா சமயம், மலையடிவாரத்தில் நம் கடை முன்னால் நிற்க இடமில்லை, நானும் உன் அம்மாவும் தேங்காயும் கற்பூரமும் எடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. குழந்தை வீட்டில் தனியாக அந்த டேப்லெட்டை வைத்துக்கொண்டு தானே எல்லாவற்றையும் செய்து முடித்து, படமும் பிடித்து அனுப்பிவிட்டது. வந்த பதில் உனக்கே தெரியும். பத்துக்கு மூன்று. கவனமில்லை, விளையாட்டுப் புத்தி, அடிப்படையே புரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நீ ஸ்பீக்கரில் என்ன கத்து கத்தினாய், இவளுக்கு மண்டையில எதுவுமே ஏறல நைனா, ஜூன்ல சென்னை ஹாஸ்டல்ல போட்டாத்தான் உருப்படுவா என்று. அவள் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள், கயலு. இறங்கி உள்ளே போய்விட்டாள்.

அன்று முதல் கடைப்பக்கம் வந்தாலும் தராசைத் தொடமாட்டேன் என்கிறாள். கால் கிலோ கல்கண்டு, அரைக் கிலோ பேரீச்சம்பழம் என்று கேட்ட உடனே ஓடிவந்து நிறுத்துக் கொடுக்கிற பிள்ளை. நேற்று ஒரு ஆந்திராக்காரர் கால் கிலோ கல்கண்டு கேட்டார், போடு கண்ணு என்றேன், எனக்குக் கணக்கு வராது தாத்தா, நீயே போடு என்றாள். அவளை அப்படிச் சொல்ல வைத்தது யார் என்று நீயே யோசி.

இப்போது அந்தத் தாளின் லட்சணத்தைக் கேள். இங்கிலீஷில் எழுதியதை எந்த மகானுபாவன் தமிழ்ப்படுத்தினானோ, முக்கால்வாசிக் கேள்வி பையைப் பற்றித்தான். பாட்டி ஒரு பையைச் சுட்டார், அதில் பாதியைப் பேரன் சாப்பிட்டான், மீதி எவ்வளவு என்று ஒரு கேள்வி. குழந்தை சாம்பல் என்று எழுதியிருக்கிறாள். வேறு என்ன எழுதுவாள்? பையைச் சுட்டால் உனக்கு மஸ்கட்டில் என்ன மிஞ்சும்? அடுத்தது, ஒரு பையை எடுத்து எட்டுச் சமபாகங்களாக வெட்டவும், எட்டில் மூன்று பாகத்துக்குச் சிவப்பு வண்ணம் தீட்டவும் என்று. இவள் பீரோவைத் திறந்து உன் கல்யாணத் தாம்பூலப் பை மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்திருக்கிறாள். உன் அம்மா ராத்திரி வந்து பார்த்துவிட்டு, ஐயோ ஆனந்தன் கயல்விழின்னு பேரு போட்ட பையாச்சே, துண்டு துண்டா ஆக்கிட்டாளே என்று ஒரே ரகளை, கண்ணைக் கசக்கிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வேறு நின்றாள். நானும் அன்றைக்கு அசதியில் குழந்தையைத்தான் அதட்டினேன்.

பக்கத்துப் பூக்கடை மோனிஷா காலேஜ் படிக்கிறதே, அதனிடம் நேற்று அந்தத் தாளைக் காட்டினேன். தன் போனில் அதன் இங்கிலீஷ் தாளை எடுத்துப் பார்த்ததும் சிரித்துச் சிரித்து அதற்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரிப்பா, இது தூக்கினு போற பை இல்ல, துன்ற பை, வெள்ளக்காரங்க பழம் வச்சி அடுப்புல சுடுவாங்க, இங்கிலீஷ்ல அதுக்குப் பேரே பைதான் என்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பேர் படித்தவர்கள் பார்த்த தாளில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை, மார்க்குப் போட்டவருக்கும் உறைக்கவில்லை, உனக்கும் உறைக்கவில்லை, கடைசியில் பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லையாம். நம் ஊர்ப் பிள்ளைக்குப் பொங்கல் கரும்பைக் கொடுத்து நாலாக வெட்டச் சொன்னால் ஆகாதா? கிருத்திகைப் பஞ்சாமிர்தத்தைப் பங்கு போடச் சொன்னால் ஆகாதா? பெரிய வகுப்பு!

எப்படிடி வெட்டினே என்று அவளிடம் தணிவாகக் கேட்டேன். அடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் சொன்னாள். தையலைப் பிரிச்சி ஒரே துணியா விரிச்சிகினேன் தாத்தா, ரெண்டா மடிச்சேன், அத்த ரெண்டா மடிச்சேன், இன்னொரு தபா மடிச்சேன், எட்டு வந்துச்சி, பிரிச்சி அந்தக் கோட்டு மேலயே வெட்டினேன் என்றாள். அவளுக்கா பின்னம் தெரியாது? அந்தத் துண்டுகளையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சாப்பாட்டு மேஜையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஒரு துண்டாவது மற்றதைவிடப் பெரிதாக இருந்தால் ஹாஸ்டலில் போடு, நானே பெட்டி கட்டி அனுப்புகிறேன். இல்லை என்றால் டூட்டியாவது ஒன்றாவது, போனைப் போட்டு நீ செய்ததுதான் சரி கண்ணு என்று அவளிடம் சொல். என்னிடம் சொல்லி நான் அவளிடம் சொல்வது வேண்டாம், உன் வாயால் சொல். அந்த வகுப்புக்காரர்களிடமும் கேட்டு மார்க்கைத் திருத்தச் சொல், எனக்கு அந்த மார்க்கு முக்கியமில்லை, அவளுக்கு முக்கியம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், நீயும் ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்துதான் போன் செய்கிறாய், தெரியாமல் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயைக் குடித்துக்கொண்டு படுத்துவிடாதே. மாப்பிள்ளைக்கு என் வணக்கம் சொல், இட்லிப் பொடியில் காரம் குறைவுதான் என்று அம்மா சொல்லச் சொன்னாள். தணிகை வேலன் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், பொங்கலுக்குள் உன் போன் வரட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா
பாலசுப்பிரமணியன்

ஒன்றை மறந்துவிட்டேன். கவரில் எட்டில் ஏழு பாகம்தான் இருக்கும், எண்ணிப் பார்த்துவிட்டுக் குமரவேலைத் திட்டாதே. உன் பெயர் அச்சடித்த துண்டை மட்டும் தரமாட்டேன் என்று சினேகா தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.