துண்டுக்கு வெளியே போன சேதி

ஜூன் 3, செவ்வாய்

இன்று பேருந்தின் ஊர்ப்பலகையை நானே படித்து ஏறினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கேட்டார், "இது எங்கய்யா போகுது?" என்னிடம்! எழுபது வயதில் எழுத்துப் படிக்கிற சடையாண்டியிடம்! "கொடைரோடு" என்று சத்தமாகச் சொன்னேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

ஜூன் 8, ஞாயிறு

தாடிக்கொம்பிலிருந்து மகள் புவனேஸ்வரி வந்தாள். மாப்பிள்ளை இறந்த பிறகும் அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவர் பங்காக வந்த தெருப்பக்கத்து அறையில் மாவுக்கடை போடப் போகிறாளாம். பெரிய கிரைண்டர் வாங்கக் கடனுக்கு வழி பார்க்கச் சொல்லி, ஆதார் நகலைக் கொடுத்தாள்.

"யாருக்கும் தெரிய வேணாம்ப்பா. பெரியவருக்குத் தெரிஞ்சா அறையைப் பூட்டிருவாரு."

பெரியவர் என்றால் மாப்பிள்ளையின் அண்ணன் முத்துச்சாமி. அந்த அறையில் தன் உரமூட்டைகளை அடுக்க அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

எனக்குச் சிரிப்பு வந்தது. காலமெல்லாம் மாட்டுத் தரகு பார்த்தவனிடம் ரகசியம் காக்கச் சொல்கிறாள். சந்தையே சுற்றி நின்றாலும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, பிடித்த விரல் எண்ணிக்கையால் விலை பேசுவோம். அந்த இரண்டு கைகளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது இவளுக்கும் அந்த விரல் கணக்கு தெரியும். எத்தனை மிட்டாய் வேண்டும் என்பதை என் துண்டுக்குள் கைவிட்டுத்தான் கேட்பாள்.

ஜூன் 9, திங்கள்

கடன் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டேன், தம்பி மகன் விக்னேஷ்குமார் போனில் ஒரு லிங்க் அனுப்பினான். வீட்டில் உட்கார்ந்தே கடன் கேட்கலாமாம். "இது வழியாவே போங்க பெரியப்பா. எனக்கு ஏதோ கமிஷன் விழும். உங்களுக்கு ஒண்ணும் குறையாது."

மறைக்காமல் சொன்னானே, அது பிடித்தது. தரகு வாங்குவது தப்பா? அதில்தானே நானும் பிள்ளைகளை வளர்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதிவிட்டேன்! போனில்! மகளின் பெயர், தெரு, ஆதார் எண் — எல்லாம் ஒவ்வோர் எழுத்தாக. என் வீட்டுக்காரி ராமுத்தாய் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டாள்.

ஒரு ஆப்பை இறக்கச் சொன்னது. இறக்கினேன். "உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா?" என்று கேட்டது. 'அனுமதி' போன வாரம்தான் முதியோர் வகுப்பில் அனிஷா டீச்சர் பலகையில் எழுதிய சொல். கண்டதும் சந்தோஷமாக அமுக்கினேன். அதுவும் சரிதானே? புதுச் சந்தைக்குப் போனால் நமக்கு யார் யாரைத் தெரியும் என்றுதான் முதலில் சொல்வோம். அத்தனை பேரைத் தெரிந்தால் அத்தனை மதிப்பு. என் போனில் பஞ்சாயத்துத் தலைவரே இருக்கிறார். பார்க்கட்டுமே!

எவ்வளவு கடன் வேண்டும் என்ற இடத்தில் மட்டும் வாய்க்கு வந்த ஒரு எண்ணைப் போட்டேன். முதல் பேச்சிலேயே உண்மை விலையைச் சொல்லும் தரகன் உண்டா?

ஜூன் 11, புதன்

விடிந்ததிலிருந்து போன். ஒரு கம்பெனி இல்லை, என்னென்னவோ கம்பெனி. கடன், இன்சூரன்ஸ், கார்டு. "புவனேஸ்வரி மேடமா?" என்கிறான் ஒருவன். "ஆமாப்பா, மீசை வச்ச மேடம்" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

பூக்கடை கிதர் முகம்மது பாய் என்னை நிறுத்திக் கேட்டார். "என்னண்ணே, மகளுக்குக் கடன் கேட்டிருக்கீகளா? எனக்குப் போன் போட்டு விசாரிக்கிறாங்க."

உடனே போனை எடுத்துப் பார்த்தேன். பாய் பெயர் என் போனில் இருக்கிறது. அப்படியானால் — முத்துச்சாமி பெயரும் இருக்கிறதே!

ராமுத்தாய் சொன்னாள், "ரெண்டு எழுத்துப் படிச்சதும் ஊருக்கே தண்டோரா போட்டாச்சு. கைநாட்டா இருக்கும்போது எம்புட்டு நல்லாருந்துச்சு."

இன்று வகுப்புக்குப் போகவில்லை.

ஜூன் 13, வெள்ளி

தாடிக்கொம்பிலிருந்து சேதி வந்தது, முத்துச்சாமிக்கும் போன் போய்விட்டது.

ஜூன் 14, சனி

விக்னேஷைப் போய்ப் பார்த்தேன். அந்த லிங்க்கில் வந்த பக்கம் கடன் கொடுக்கிறவர்களுடையதே இல்லையாம். அதில் எழுதுவதை அவர்கள் பல கம்பெனிக்கும் அனுப்புவார்களாம். எழுதுகிற ஒவ்வோர் ஆளுக்கும் இவனுக்குக் காசு.

"ஏலே, நானும் தரகன்தான். மாடு விக்கிறவன்கிட்டயும் வாங்குவேன், வாங்குறவன்கிட்டயும் வாங்குவேன். ஆனா மாட்டைத்தான்டா வித்தேன். நீ வந்த ஆளையே வித்திருக்கியே."

அவனும் விடவில்லை. "கேட்டதுக்கெல்லாம் அனுமதி அமுக்குனது யாரு பெரியப்பா? நானா?"

அதுவும் உண்மைதான். பிறகு அவனே போனை எடுத்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்த அந்த லிங்க்கை அழித்தான். காப்பி வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தாடிக்கொம்புக்குப் பயந்துகொண்டேதான் போனேன். அறையில் புதுப் பூட்டு தொங்கியது. முடிந்தது கதை என்று நினைத்தேன். புவனேஸ்வரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள்!

"போன் பேசிட்டு வந்து அவரு பூட்டைத் தேடுனாரு. நான் முந்திட்டேன். ஆமா, கடன் கேட்டேன், எம் புருஷன் பங்குன்னு நடுவீட்டுல நின்னு சொல்லிட்டேன்."

என்னை ஒரு சொல் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். "எம்புட்டுன்னு சொல்லிறாதீகப்பா. தொகை தெரிஞ்சா, கடனை நானே அடைக்கிறேன், அறையை எழுதிக் குடுன்னு அத்தையை வச்சு நெருக்குவாரு."

போனில் நான் போட்டது பொய் எண் என்று சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜூன் 16, திங்கள்

அனிஷா டீச்சர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, கொடுத்த அனுமதியை எல்லாம் நானே எடுத்தேன். ஆப்பையும் அழித்தேன். "போனது போனதுதான் ஐயா. இனிமே போகாது" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல 'மறு' என்ற பொத்தானும் அங்கேயே, 'அனுமதி'க்குப் பக்கத்திலேயே இருக்குமாம். அன்றைக்கு நான் அதைப் படிக்கவே இல்லை. இன்று பலகையில் நானே எழுதினேன். மறு. மறு. மறு. நல்ல சொல்.

ஜூன் 18, புதன்

மகளுடன் நாகல் நகர் வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அம்மா எத்தனை ரூபாய் என்று உரக்கக் கேட்டார். புவனேஸ்வரி வாய் திறக்காமல் தாளில் எழுதி நீட்டினாள். "இதை யாருக்கெல்லாம் சொல்வீகம்மா?" என்று நான் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதற்கப்புறம் தணிந்தே பேசினார்.

ஜாமீன் கையெழுத்து நான்தான் போட்டேன். கைநாட்டுக்கு மை டப்பாவை என் பக்கம் தள்ளினார்கள். திருப்பித் தள்ளிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

தாடிக்கொம்பில் கிரைண்டர் இறங்கிவிட்டது. முத்துச்சாமி நாற்காலி போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "மெஷின் பெருசா இருக்கே மாமா. பேங்குல எம்புட்டுக் குடுத்தான்?"

"எனக்கென்ன மாப்ள தெரியும். கையெழுத்துப் போடச் சொன்னாக, போட்டேன்."

நிஜமாகவே எனக்குத் தெரியாது. கேட்ட தொகை தெரியும், கொடுத்த தொகையை நான் இன்னும் கேட்கவில்லை.

புவனேஸ்வரி காப்பி கொண்டுவந்து அவருக்கும் எனக்கும் கொடுத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை இழுத்து என் கைமேல் போட்டாள். உள்ளே கையை விட்டாள். மாவு காயாத விரல்கள். முதலில் லட்சத்துக்கு ஒரு பிடி. கொஞ்சம் நிறுத்தி, ஆயிரத்துக்கு இன்னொரு பிடி.

கேட்டது முழுசாக வந்திருக்கிறது.

"என்ன மாமா, துண்டுக்குள்ள?" என்றார் முத்துச்சாமி.

"மிட்டாய் கேக்குறா மாப்ள" என்றேன்.