மோதிர விரல் கையுறை

மார்ச் 4

எலி டீச்சர் அவர்களுக்கு,

ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரித்தால் நடிப்பாக இருக்கும், விஷயத்துக்கு வருகிறேன்.

பல்வலிக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக் என் குடலில் குடியிருந்த நல்ல கிருமிகளைத் துடைத்துவிட்டது. காலியான இடத்தில் ஒரு பொல்லாத கிருமி வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்று முறை மருந்து கொடுத்தும் திரும்ப வருகிறது. இன்னொரு முறை வந்தால் பெருங்குடலையே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். யாரை உள்ளே விடலாம், யாரை விரட்டலாம், எப்போது அடங்க வேண்டும் என்று குடல் சுவரின் காவல் அணுக்களைப் பழக்குவதே அங்கே வாழும் கிருமிகள்தான். நம் ஆய்வுக்கூடத்து எலிகளில் நாம் பார்த்ததுதானே. அவை போனபின் என் காவலர்கள் என்னையே அடிக்கிறார்கள்.

இனி ஒரே வழி, ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து கிருமிகளை எடுத்து எனக்குள் குடியேற்றுவது. "வீட்டுல யாராவது இருக்காங்களா சார்? நல்லா சாப்பிடுறவங்க, மாத்திரை எதுவும் போடாதவங்க?" என்று நர்ஸ் கேட்டாள். அண்ணன் மாத்திரையிலேயே வாழ்கிறவர். நண்பன் என்று எவனையும் நான் மிச்சம் வைக்கவில்லை.

கிருமியே படாமல் மூன்று வருடம் வளர்த்த என் எலிகள் உன் கவனக்குறைவால் ஒரே வாரத்தில் வீணாயின. அவை இருந்த பிளாஸ்டிக் கூடாரத்தின் கையுறையைச் சோதிக்காமல் போட்டாய். அதை நான் மறக்கவில்லை. இருந்தும் கேட்கிறேன்.

மதியம் காய்ச்சல் ஏறும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நானே படுத்திருக்கிறேன். காற்று இயந்திரம் முணுமுணுக்கிறது. சுவரில் பொருத்திய கையுறைகள் உப்பி வெளியே நீண்டு நிற்கின்றன. யாராவது கை நுழைப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் முன்னாள் புருஷன்

மார்ச் 11

அன்புள்ள முசுடுக்கு,

கடிதத்தைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். "கேக்குறதுக்கு அவருக்கு வேற பொருளே கிடைக்கலையாக்கா?" என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ரத்தம், மலம் இரண்டையும் நேற்றே சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். முடிவு சரியாக இருந்தால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ஜாடியை ஒப்படைப்பேன். உங்களைப் பார்க்க வரமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கூடாரத்தில் கை விடுமுன் மோதிரத்தைக் கழற்றுவது நம் ஆய்வறையின் முதல் விதி. நான் மோதிரமே போட்டதில்லை. இடது கையுறையில், மோதிர விரலின் அடியில்தான் அந்தக் கிழிசல் இருந்தது. அதைக் கண்டதும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், நம் கல்யாண மோதிரத்தை நீங்கள் கழற்றவே இல்லை என்று. சொன்னால் உங்கள் வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்தேன். மறுநாள் பார்த்தால், ஆய்வறைப் பதிவேட்டில் தவறு செய்தவராக என் பெயரை எழுதியிருந்தீர்கள்.

வேலை போனதற்கு நான் வீட்டை விட்டுப் போகவில்லை. அன்று சாயங்காலம் எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டீர்களே, அதற்குத்தான்.

கஞ்சியாவது குடியுங்கள்.

எலி டீச்சர்

ஏப்ரல் 20

அன்புள்ள உனக்கு,

ஐந்து வாரமாயிற்று. காய்ச்சல் இல்லை, ரத்தம் போவதில்லை. உன்னிடமிருந்து வந்த அந்நியர்களை என் குடல் எதிர்க்கவில்லை. அவர்கள் சொன்னபடி காவலர்களும் அடங்கிவிட்டார்கள். எனக்கு வராத பொறுமை என் குடலுக்கு வந்திருக்கிறது.

நான் அன்றே பார்த்தேன். மோதிரத்தின் விளிம்பில் ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது. குழாயடியில் கழுவிவிட்டு வந்து பதிவேட்டைத் திறந்தேன். பிறகு தினமும் உன்மேல் கோபப்பட்டுக் கோபப்பட்டு, நீ செய்ததாகவே நம்பப் பழகிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று நிறுவனத்துக்குப் போய், பழைய பதிவேட்டை எடுக்கச் சொல்லி, உன் பெயரை அடித்து என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். புது இயக்குநர் சின்னப் பையன். "இப்போ எதுக்கு சார் இதெல்லாம்?" என்றான். அந்தப் பக்கத்தின் நகல் இத்துடன்.

இப்போதும் கனவு வருகிறது. கூடாரத்தில் இன்னொரு எலியும் இருக்கிறது. என் பக்கம் முதுகைக் காட்டித் தூங்குகிறது. அதன் மூச்சில் வைக்கோல் அசைகிறது.

நோயுற்ற எலியை நல்ல எலியோடு ஒரே கூண்டில் விட்டால் மூன்று வாரத்தில் இரண்டின் குடலும் ஒன்றாகிவிடும் என்பாய். நான் எதுவும் கேட்கவில்லை. ஆய்வறையின் நடைமுறையை ஞாபகப்படுத்தினேன். வீட்டில் வாசல் பக்கத்து அறை காலியாகத்தான் இருக்கிறது.

உன் முசுடு

மே 2

அன்புள்ள முசுடுக்கு,

நகல் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். தம்பி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறான். வேண்டாம் என்று பெட்டியில் வைத்துவிட்டேன்.

மூன்று வாரக் கணக்கு எலிக்கு. நாம் பதினாலு வருடம் ஒரே கூண்டில் இருந்து பார்த்துவிட்டோம்.

இனி நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கீரை, பயறு, தோலோடு பழம். கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற பழக்கம் இனி கூடாது. உள்ளே இருப்பவர்கள் என்னோடு இருந்தவர்கள்; பசி தாங்கமாட்டார்கள்.

எலி டீச்சர்