நெஞ்சில் தெரிந்தது என் வயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், இதை உபசாரத்துக்கு எழுதவில்லை, பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். போனில் சொன்னால் நீ சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்து அழுவாய், அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அயோடின் மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள் அல்லவா, அதில் நெஞ்சுக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். பயிற்சி டாக்டர் வராந்தாவில் நின்றுகொண்டே புற்றுநோய் நெஞ்சுக்கும் பரவியிருக்கலாம் என்று சொல்ல, அதை உன் அத்தை கேட்டுவிட்டாள். நான்கு நாள் கழித்து ஊரிலிருந்து திரும்பிய பெரிய டாக்டர் படத்தைப் பார்த்ததும், தண்ணீர் குடிக்கவைத்து, நிற்கவைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். வெளிச்சம் கீழே இறங்கிவிட்டது. அந்த மருந்தை யாருடைய வயிறும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுமாம், எனக்கு வயிற்றின் மேல்நுனி நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறதாம், அவ்வளவுதான். "இது நோய் இல்லம்மா, உங்க வயிறு, குனிஞ்சு வேலை செய்யாதீங்க, சாப்பிட்ட உடனே படுக்காதீங்க" என்றார். நான் அங்கேயே சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் இவர்கள் செய்த காரியம் தெரிந்தது. அத்தை, "நல்லதுதான் அண்ணி, ஆனா இதை இப்ப பாப்பாகிட்ட சொல்ல வேணாம், கல்யாணத்துக்கு இப்பதான் சரின்னிருக்கா, எதுக்குக் கலைக்கணும்" என்கிறாள். எந்தக் கல்யாணம் என்று கேட்டேன். அம்மா கண்ணை மூடுவதற்குள் பார்க்கட்டும், அவளிடம் எதுவும் கேட்காதே, நோய் பரவியது அவளுக்கே தெரியாது என்று சொல்லி உன்னிடம் சம்மதம் வாங்கியிருக்கிறாள், தன் தோழியின் மகனுக்கு! உன் அப்பா நகத்தைப் பிய்த்துக்கொண்டே, "அவ நல்லதுக்குத்தானே பண்ணா" என்கிறார். சீ, இவர்களோடு ஒரே மேசையில் எப்படிச் சாப்பிடுவது என்று தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். நீ தினமும் போனில் குரல் கம்மிப் பேசியதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது, என் கண்ணே, தனியாக எவ்வளவு தவித்தாயோ.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, உனக்கே பேசிப் பார்க்கத் தோன்றினால் பேசு, அது உன் விருப்பம். அம்மா சாகப்போகிறாள் என்று பயந்து சொன்ன சரி செல்லாது, அதை அத்தையின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், போகட்டும். ஊருக்கு வர வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாயாமே, முதல் வேலையாக அதைத் திரும்ப வாங்கு. நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. எல்லா நலனும் பெற்று நிமிர்ந்து வாழ்வாயாக.

இப்படிக்கு,
இன்னும் நெடுங்காலம் உன்னை நச்சரிக்கப்போகும்
அம்மா