கூடவே பிறந்த குணம்

மச்சான்,

நேற்று உன் மகள் இங்கிலீஷ் பாடப் புத்தகத்தோடு வந்து நின்றாள். பிரித்ததும் புதுத் தாளின் வாசனை மூக்கில் ஏறியது.

"மாமா, இன்ஹெரண்ட்னா இன்னா?"

இந்தக் கோரமண்டல் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் இங்கிலீஷுக்கு என்னை விட்டால் ஆள் ஏது? நான் எட்டாவது படித்தவன். ஏழாவதோடு நின்றாலும் எட்டாவது புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவன். "கூடவே பொறந்த குணம்மா. தங்கத்துக்கு கனம், பாவக்காய்க்குக் கசப்பு. நாம வச்சதும் இல்ல, நம்மால எடுக்கவும் முடியாது" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டாள். அவள் பிறப்பதற்கு முன்பே அந்த வார்த்தை உன்னைப் படுத்திய பாட்டை அவளிடம் சொல்லவில்லை.

உன் அப்பா தங்கக் கல் ஒன்றைத் தலைத்துணியில் மறைத்து எடுத்துவந்து சுரங்கத்தின் கேட்டில் பிடிபட்டபோது நமக்கு மீசைகூட முளைக்கவில்லை. நீ வளர்ந்து சுரங்கத்தில் இறங்கிய பிறகும் ஊர் அதை மறக்கவில்லை. நம் லைன் வீடுகளில் குடியிருந்த கணக்குப்பிள்ளை ஒருநாள் டீக்கடையில், "திருட்டு அந்தக் குடும்பத்துக்கு இன்ஹெரண்ட்" என்றார். அர்த்தம் கேட்டு எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். அப்புறம் குழாயடி வரை அதே பேச்சு. "அவ வாய் இன்ஹெரண்ட்டுடி" என்று பெண்கள் ஏசிக்கொண்டார்கள். கறி வேகாவிட்டால் ஆட்டுக்கு இன்ஹெரண்ட். நீயும் கூடச் சிரித்தாய். உன் கண் சிரிக்கவில்லை.

அந்த வார்த்தை பூதிகோட்டைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் நீ மனசை வைத்திருந்த பெண் இருந்தாள். அவள் அப்பா கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நேரில் பேசிப் பார்க்கலாம் என்று உன்னை இழுத்துப் போனவன் நான். போகும் வழியில் ரயிலில் நான் பேசிய இங்கிலீஷைக் கேட்டு டிக்கெட் பரிசோதகரே எழுந்து நின்றார். நீ மட்டும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

பெண்ணின் அப்பா களத்தில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"அப்பன் எடுத்த கை. புள்ளைக்கு மட்டும் வேற கையா வரும்?"

நான் முன்னால் வந்தேன். "மாமா, இவனுக்கு நேர்மைதான் இன்ஹெரண்ட். கூடவே பொறந்தது. எங்க மேனேஜரே..."

"மச்சான், நீ கொஞ்சம் சும்மா இரு" என்றாய். அவரைப் பார்த்தாய்.

"எங்கப்பா எடுத்தாரு மாமா. அது நெஜம். எனக்குத் திருட்டும் கூடப் பொறக்கல, நேர்மையும் கூடப் பொறக்கல. கீழ கல்லு மின்னும்போது எனக்கும் ஆசை வருது. வேணாம்னு விட்டுட்டு மேல வரேன். நாளைக்கும் அப்படித்தான் வரணும்."

காரியம் கெட்டது என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். பெண் கேட்க வந்த இடத்தில் ஆசை வருகிறது என்று எவனாவது சொல்வானா? அவர் கேழ்வரகைக் கையால் தள்ளியபடியே இருந்தார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"இதையே சொல்றவரு வேற எதை மறைச்சிடப் போறாருப்பா?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா நின்னுட்டே இருக்கீங்க? உட்காருங்க" என்றார்.

உன் நுரையீரலைக் கல் தூசு அடைத்த கடைசி வருஷத்தில், அந்த நாளைச் சொல்லச் சொல்லிக் கேட்பாய். நானும் சொல்வேன். ஒரு தடவை அவர் கையில் அரிவாள் இருக்கும், ஒரு தடவை துப்பாக்கி. எனக்குப் பன்னிரண்டு வகைக் கறியோடு விருந்து நடக்கும். இருமலுக்கு நடுவே நீ சிரிப்பாய்.

நீ போன பிறகும் டீக்கடையில் சொல்கிறேன். துப்பாக்கி இப்போது இரண்டாகிவிட்டது. ஆனால் அந்தக் களத்தில் நீ பேசியது வரும்போது என் நாக்கு தானாக அடங்கிவிடுகிறது. அதில் மட்டும் ஒரு சொல்லும் கூட்ட எனக்கு மனசு வரவில்லை, மச்சான். நீ சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.