நாலு சுரமும் ஓர் இடைவெளியும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. எனக்குத்தான் பத்து நாள் காய்ச்சல். டிரம்ஸ் குச்சியைப் பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். லிப்ட் பழுதுபார்க்கும் வேலை உனக்குப் பழகிவிட்டதா? நாள் முழுக்க அந்த இருட்டுக் குழிக்குள் நிற்கிறாயாமே, பார்த்து வேலை செய்.

நம் இசைக்குழுவைப் பற்றி நீ கேட்க மாட்டாய். நானே சொல்லிவிடுகிறேன். உன் இடத்துக்கு வந்த பேஸ் கித்தார்காரனை எல்லோரும் சூறாவளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கட்டைவிரலால் தந்தியை அறைவான், கித்தாரை முதுகுப் பக்கம் கொண்டுபோய் வாசிப்பான், ஒரு மூச்சுக்குள் முப்பது சுரம் கொட்டுவான். அரங்கம் அதிரும். உன்னை அனுப்பிவிட்டு நான் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் வாசித்தோம். மெதுவான பாட்டு. ஒரு பெரியவரும் அவர் மனைவியும் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். சூறாவளி தன் வித்தையைத் தொடங்கினான். அந்த அம்மாளின் கால் தடுமாறியது, மறுபடி தாளத்தைத் தேடியது, கிடைக்கவில்லை. இருவரும் நின்றுவிட்டார்கள். நின்று, மரியாதைக்குக் கை தட்டினார்கள். கூடமே கை தட்டியது. ஒரு கால்கூட அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் காய்ச்சல். ஒரு மத்தியானம், திரைச்சீலை வழியாக வந்த வெயில் சுவரில் தண்ணீர்போல ஆடிக்கொண்டிருந்தது. தூக்கமா விழிப்பா, தெரியவில்லை. பக்கத்து அறையில் நீ வாசிக்கிற மாதிரி இருந்தது. நாலே நாலு சுரம். மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவே ஓர் இடைவெளி விடுவாயே, அதில் கட்டில், சுவர், வெயில், நான், எல்லாம் மிதந்துகொண்டிருந்தோம். நாலாவது சுரம் வந்து மெல்ல இறக்கிவிட்டது. என் விரல்கள் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தனவாம். அம்மா சொன்னாள்.

உடம்பு தேறியதும், நாம் சேர்ந்து வாசித்த பழைய ஒலிப்பதிவை ஒத்திகையில் போட்டேன். சூறாவளி மூன்று முறை கேட்டான். கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இவரு வாசிக்காம விடுற இடத்துலதான் பாட்டே இருக்கு. எனக்கு அங்க சும்மா இருக்கத் தெரியல. இவர ஏன் விட்டீங்க?" என்றான். நம் பாடகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஒலிப்பதிவை நிறுத்தினேன்.

நீயாகவே விலகிப் போனாய் என்றுதான் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அன்று மாலை உள்ளதைச் சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் உன்னைத் தூங்குமூஞ்சி என்றதையும், உன் கித்தார் பெட்டியை வாசலில் கொண்டுபோய் வைத்ததையும் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அவனுக்கு எழுது" என்றாள். அவ்வளவுதான்.

சூறாவளி, தன் வித்தைக்கு ஏற்ற லீட் கித்தாருக்கு மாறிக்கொள்கிறானாம்; பேஸ் வாசிக்கிற இடம் காலிதான். அவனாகவே சொன்னான், நல்ல பையன். உன்னை வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. வேலை முடிந்து வந்து கித்தாரைத் தொடுகிறாயா என்று மட்டும் ஒரு வரி எழுது. உன் விரல்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

பதில் எப்போது வந்தாலும் சரி. நான் அவசரப்படுத்த மாட்டேன். நன்றாக இரு, கண்ணு.

உன் அக்கா