முதலில் சிவப்பு, அப்புறம் கறுப்பு

அத்தை,

முக்கிய அறிவிப்பு ஒன்று. எல்லோரும் எழுந்து நிற்கவும். நீங்கள் மட்டும் படுத்தபடியே கேட்கலாம்.

சென்ற கிறிஸ்துமஸ் முதல் என் தலையில் வீற்றிருந்து, நம் தெருவின் கண்களைக் கூசவைத்துக்கொண்டிருந்த பொன்னிற முடி இன்று பிற்பகல் மொட்டைமாடியில் காலமானது. அன்னாரின் மேல் முதலில் சிவப்பும் பிறகு கறுப்பும் போர்த்தப்பட்டன. இறுதிச் சடங்குகள் அனைத்தையும் உங்கள் அருமை மருமகனாகிய நானே, ஒருவர் உதவியும் இல்லாமல், வெற்றிகரமாக நடத்தி முடித்தேன். மலர்வளையம் வேண்டாம். பாராட்டு மட்டும் ஏற்றுக்கொள்ளப்படும்.

எதற்காக இந்தத் தியாகம் என்று கேட்பீர்கள். கலைக்காக. தவக்காலத்தில் ஆண்டவருடைய பாடுகளை நம் கோயில் மைதானத்தில் நடிக்கிறோமே, அந்தப் பாஸ்காவில் இந்த வருடமும் எனக்கு வேடம் இருக்கிறது. சின்ன வேடம் இல்லை. நான் வாய் திறக்காவிட்டால் பேதுரு அழமாட்டார். பேதுரு அழாவிட்டால் நாடகம் நகராது. அப்படிப்பட்டவன் மஞ்சள் தலையோடு திரியலாமா?

சாயக் குழாயின் மூடியைத் திருகியதும் அந்த நெடி வந்தது. மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், போன வருடத்து மாடியில், உங்கள் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்திவிட்டது.

நம் வீட்டில் முதலில் பொன்முடி சூடியவர் நீங்கள்தானே. துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் இத்தனை வருடம் உட்கார்ந்து, இறங்கி வருகிற மாலுமிகளின் தலைகளைப் பார்த்துப் பார்த்து, நாற்பத்தாறு வயதில் உங்களுக்கும் ஒரு ஆசை வந்தது. பார்லரில் போய் முடியை வெளுத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தீர்கள். அப்பா டீ டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"ஏளா, என்னளா இது கோலம்? நாளைக்கு ஆபீசுக்கு எப்படிப் போவ?"

"பஸ்ஸுலதான். எப்பவும் அதுலதானண்ணே போறேன்?"

அப்பா ஆறிப்போன டீயோடு உள்ளே போய்விட்டார். எனக்கோ அன்றிலிருந்து நீங்கள்தான் தலைவி. தலையால் மட்டும் அல்ல.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பாஸ்காவை நடத்துகிற அண்ணாவி நம் வீட்டுப் படி ஏறும் வரை. வருடா வருடம் மாதாவாக நடிக்கிற அக்கா, மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போய்விட்டார். மாதாவின் புலம்பல் முழுவதும் பாராமல் தெரிந்த ஆள் ஊரில் நீங்கள் ஒருவர்தான். பள்ளிக்கூடப் பாவாடைக் காலத்திலிருந்து எருசலேம் பெண்களில் ஒருத்தியாக ஓரத்தில் நின்று அழுதே பாடம் பண்ணியிருந்தீர்கள். அண்ணாவி வாயைத் திறக்கும் முன்பே உங்கள் முகம் தெரிந்துகொண்டது. அவ்வளவு சந்தோஷத்தை ஒரு பெரிய ஆளின் முகத்தில் நான் பார்த்தது கிடையாது. பிறகு அவர் உங்கள் தலையைப் பார்த்தார்.

"முக்காடு போட்டா மூடிருமே அண்ணாவி" என்றீர்கள்.

"மூடிக்கிட்டா அழுவ? மகனை மடியில போட்டு, முடிய அவுத்துப்போட்டுல்லா மாதா புலம்பணும். இந்த முடிய அவுத்தா சனம் அழுமா, சிரிக்குமா? குருத்து ஞாயித்துக்குள்ள கறுப்பா வா. இல்லன்னா பழையபடி ஓரத்துல நில்லு."

பார்லரில் போய்க் கேட்டீர்கள். வெளுத்த முடியில் கறுப்பு நிற்காது, கழுத்தோடு வெட்டிவிட்டால் மிச்சத்தில் பூசிப் பார்க்கலாம் என்றார்கள். மகனின் மார்பில் விழ வேண்டிய முடி! வெட்ட எப்படி மனசு வரும்? ஆக, தலையாய அந்தப் பிரச்சினை என்னிடம் வந்தது. "ஏலே மருமவனே, போன்ல என்னென்னமோ பாக்கியே, இதுக்கு ஒரு வழி பாரு" என்றீர்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கடையில் வாங்கிய அடர்பழுப்பை நேராக வெளுத்த முடிமேல் பூசினோம். பூசி முடித்ததும் பிரமாதமாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். சாயம் நாளாவட்டத்தில் போய்விடுமே என்ற கவலை உங்களுக்கு. சுற்றிலும் உப்பளம் இருக்கிற ஊர்க்காரிக்கு வேறு என்ன யோசனை வரும்?

"புதுச் சேலைய மொதல்ல உப்புத் தண்ணியிலதான முக்குதோம்? சாயம் நிக்குதுல்லா? முடியும் நூலுதாம்லே."

எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகத் தெரிந்தது. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை கல்லுப்பு அள்ளிப் போட்டேன். நீங்கள் குனிந்து முடியை அதில் ஊறவைத்தீர்கள். நான் உங்களுக்கு விசிறிக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது பழுப்பு வாளிக்குள் இருந்தது. தலையில் மிச்சம் இருந்தது படகடியில் படர்கிற பாசியின் நிறம்.

கண்ணாடியை வாங்கிப் பார்த்தீர்கள். "பச்ச மாதாவ எந்தக் கோயில்லயாவது பாத்துருக்கியாலே?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தீர்கள். குருத்து ஞாயிறுக்கு நாலே நாள் இருந்தது.

இந்த இடத்தில் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், தடுக்காதீர்கள். அன்று முழுக்கப் போனைக் கையைவிட்டு வைக்காமல் விஷயத்தைப் பிடித்தவன் நான். கறுத்த முடிக்குள் சிவப்பும் மஞ்சளும் அடியில் ஒளிந்திருக்குமாம். வெளுக்கும்போது அந்தச் சிவப்பு போய்விடும். அது இல்லாத இடத்தில் பழுப்பைப் பூசினால் பச்சையடிக்கும், நிற்கவும் நிற்காது. முதலில் செம்பு நிறத்தைப் பூசி, போன சிவப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன்மேல்தான் கறுப்பு உட்காரும்.

இதை நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். நீங்கள் ஒரே வரியில் முடித்தீர்கள்: "அப்போ செங்கலே வைக்காம சுண்ணாம்பு அடிச்சிருக்கோம்."

மறுநாள் செம்பு பூசி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி உட்காரவைத்தேன். பிறகு பையை அவிழ்த்தபோது அப்பா துணி எடுக்க மாடிக்கு வந்தார். கடலில் சங்கு குளித்துக் குளித்துச் செம்பட்டையானவர்களின் தலைபோல வெயிலில் தகதகவென்று நின்றது உங்கள் தலை.

"மஞ்சள் முடிஞ்சிது, பச்சை முடிஞ்சிது, இப்பம் செகப்பா? ஏளா, நீ மனுசியா, சிக்னலா?"

நாற்காலியிலிருந்து விழப்பார்த்தீர்கள், சிரித்து.

நானும் சும்மா இருக்கவில்லை. கறுப்பு ஊறுகிற நேரத்தில் பொழுது போகாமல், 'அத்தை மொட்டை போட்டுவிட்டார்கள்' என்று அண்ணாவிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார் மனுஷர். "ஏளா! ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா?" என்று மூச்சு வாங்க மாடிப்படியில் நின்றார். பைக்குள் முடி இருக்கிறது என்று நீங்கள் தொட்டுக் காட்டியபிறகுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அப்போது நான் சட்டை செய்யவில்லை.

நம் வீட்டு போர் தண்ணீர் உவர் என்பதால் குடிக்கிற கேன் தண்ணீரில் அலசினோம். அதன்பிறகு மூன்று நாள் தலையில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றேன். பங்குனி வெயிலில், அந்தப் புழுக்கத்தில், நீங்கள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இருந்தீர்கள். குருத்து ஞாயிறன்று அண்ணாவி ஒரு கொத்து முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாளைக்கு ஒத்திகைக்கு வந்துரு" என்றார். நீங்கள் கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டீர்கள். முகத்தைத் துடைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மேடையில் நான் ரோமைச் சிப்பாய். அட்டை ஈட்டியோடு உங்கள் பக்கத்தில் நின்றேன். அதனால் சனங்கள் பார்க்காததையும் பார்த்தேன். இயேசுவாக நடித்த அண்ணன் விசைப்படகில் போகிறவர், நல்ல கனம். அவரை மடியில் தாங்கி, முக்காட்டைத் தள்ளி, முடியை அவிழ்த்தீர்கள். கன்னங்கரேலென்று விழுந்தது. விளக்கு பட்ட இடத்தில் மட்டும் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு. மைதானத்தில் அழுத பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டது. நீங்கள் பாட ஆரம்பித்தீர்கள். அதை எழுத எனக்குத் தெரியவில்லை, அத்தை. வரவே மாட்டேன் என்று சொன்ன அப்பா, கூட்டத்தின் கடைசியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

வேர்வை மட்டும் நம் கணக்கில் வரவில்லை. உங்கள் நெற்றியிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு இறங்கி, சொட்டுச் சொட்டாக இயேசுவின் மார்பில் விழுந்தது. முள்முடி ரத்தம் என்று நினைத்து முன்வரிசைப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இறந்துகிடந்தவர் உதடு அசையாமல் சொன்னார்:

"யக்கா, சாயம் ஒழுவுது."

அடுத்த அடிக்கு மூச்சு இழுக்கிற சாக்கில் நீங்கள் சொன்னீர்கள்:

"செத்தவன் பேசப்பிடாதுலே."

ரோமைச் சாம்ராஜ்யம் அந்த இடத்தில் குலுங்கியது. ஈட்டி கீழே விழுந்தது. முகத்தைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டும் தோள் ஆடியது. சிப்பாய் மனம் திரும்பி அழுகிறான் என்று சனங்கள் நினைத்தார்கள். அண்ணாவி நினைக்கவில்லை.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். தலையை வாரிப் பின்னிக்கொண்டு, "வந்து தோசை சுடுதேன், மாவைப் பொங்க விட்டுராத" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பெட்டிக்குள் கிடத்தியிருந்த உங்களைப் பார்த்தபோது உச்சியில் நாலு விரல் அகலத்துக்கு நரை வந்திருந்தது. அதற்குக் கீழே நாம் போட்ட கறுப்பு அப்படியே நின்றது. கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம் அதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சரி. இப்போது, மேற்படி அறிவிப்பில் சில திருத்தங்கள்.

ஒருவர் உதவியும் இல்லாமல் என்றேன். பின்மண்டைக்குக் கை எட்டவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். பிரஷை வாங்கிக்கொண்டு, "மொதல்ல செகப்பு போட்டியாலே?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். காதுமடல்கூட மிச்சம் இல்லாமல் பூசிவிட்டார்.

அடுத்தது அந்தப் பெரிய வேடம். சேவல். பேதுரு, ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்ததும் தென்னந்தட்டிக்குப் பின்னால் நின்று கூவ வேண்டும், அதைக் கேட்டுத்தான் அவர் அழுவார். சிரித்த சிப்பாய்க்கு அண்ணாவி பார்த்து வைத்த இடம் அது. அங்கே என்னை ஒரு கண்ணும் பார்க்காது. "முடியக் கறுப்பாக்கணுமா அண்ணாவி?" என்று நானாகத்தான் கேட்டேன். "நீ நெசமாவே மொட்ட போட்டாலும் எனக்கு ஒண்ணுமில்லலே. சத்தம் வந்தாச் சரி" என்றார்.

ஆக, இந்தத் தலைக்கு இன்று சாயமே தேவையில்லை, அத்தை. கொஞ்ச நேரம் உங்களோடு மாடியில் இருக்க வேண்டும்போல இருந்தது. அதற்காக நல்ல பொன்னிற முடியைப் பலி கொடுத்துவிட்டு, கலை, தியாகம் என்று அளந்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள்.

சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.